வற்புறுத்தல் யாருடைய சொல்?

'வற்புறுத்து', 'வலியுறுத்து' இரண்டும் ஒரே வேர். வன்பு + உறுத்து. வலி + உறுத்து. ரெண்டுலயும் இருப்பது பலம்தான். ஆனால் வழக்கில் முன்னது கட்டாயம், பின்னது கோரிக்கை. சேரிசனம் பட்டா கேட்டுத் தாலுகா ஆபீஸ் முன்னால் நின்றால் 'வலியுறுத்தினர்' என்று பத்திரிகை எழுதுகிறது. சரி. ஊர் சேரியைப் பணியவைக்கும்போது? 'பேசித் தீர்த்தனர்' என்று எழுதுகிறது. வற்புறுத்தல் என்ற சொல் அங்கே மட்டும் காணாமல் போகிறது.

2021 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தலில், ஊரடங்கில் திருவிழா நடத்தியதற்காகத் தலித் முதியவர்கள் மூவர் ஊர்ப் பஞ்சாயத்தில் காலில் விழுந்தார்கள். 2025 செப்டம்பரில், திண்டிவனம் நகராட்சியின் தலித் ஊழியர் ஒருவர் கவுன்சிலர் காலில் விழும் காட்சி வெளியானது. இப்படிச் சேதி வரும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே வரும்: "யாரு வற்புறுத்துனா? தானா வுழுந்தா நாங்க இன்னா பண்றது?"

தானாக விழவைப்பதுதான் முழுமையான வற்புறுத்தல். அதற்குக் கை ஓங்க வேண்டியதில்லை. கூலிவேலை அவன் நிலத்தில், நடக்கும் பாதை அவன் தெருவில், நாளைக்கும் அங்கேதான் குடியிருக்கணும் என்கிற நிலை போதும். காயத்தைக் காட்டு என்று கேட்கிறவர்கள் இந்த நிலையைப் பார்க்க மறுக்கிறார்கள்.

அரசாங்கத்திடம் இன்னொரு சொல் இருக்கிறது: அமைதிப் பேச்சுவார்த்தை. 2023 ஏப்ரலில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். பலசுற்றுப் பேச்சு நடந்தது. ஜூன் 7 அன்று கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்ட பிறகு, அடிபட்டவனை உட்காரவைத்து 'நீயும் கொஞ்சம் விட்டுக்கொடு' என்றால், எதை விட்டுக்கொடுப்பது?

வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி வாசலுக்கு வருகிறவர்களும் 'சமாதானம்' என்றுதான் சொல்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் மிரட்டல், வற்புறுத்தல், ஆசைகாட்டல், வன்முறை ஆகியவற்றிலிருந்து காப்பது அரசின் கடமை என்கிறது. வன்முறை தனி, வற்புறுத்தல் தனி என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது.

மனு எழுதும் தோழர்களே, 'சமாதானம் பேசினார்கள்' என்று இனி எழுதாதீர்கள். 'வற்புறுத்தினார்கள்' என்று எழுதுங்கள். யார் வந்தார்கள், எத்தனை பேர், எந்த நாள், என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். அதைப் பதிவு செய்யச் சொல்லி வலியுறுத்துங்கள்.