முதல் சொட்டு எண்ணெய்

எங்கள் வீட்டில் தீபாவளி, ரேடியோவுக்கு எண்ணெய் வைப்பதில் ஆரம்பமாகிறது. சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும், காத்திருக்கிறேன்.

1950-களில் அப்பா நாகர்கோவிலில் வாங்கிய மரப்பெட்டி ரேடியோ. அந்நாளில் அதை வைத்திருக்கத் தபாலாபீசில் வருஷாவருஷம் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும்; ஆகவே அதுவும் வீட்டில் ஓர் ஆள் என்பது ஆச்சியின் கட்சி. தீபாவளி இருட்டில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவாள். முதல் சொட்டு பெட்டியின் உச்சியில். பிறகுதான் எங்கள் தலைகள். நிலையம் திறந்து நாகசுரம் கேட்கிற வரையில் ஒருவரும் குளிக்கப் போகக் கூடாது. கண்ணில் எண்ணெய் வழிய, பெட்டியின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம். நாகசுரம் ஓய்ந்ததும் அப்பா முள்ளைக் கொழும்புக்குத் திருப்புவார். சினிமாப் பாட்டோடு இட்டிலி.

கொழும்பு ஏன் என்றால், 1952-இல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி. வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. அகில இந்திய வானொலியில் அதன் இடம் சுருங்கிற்று. ஜனங்கள் திருந்தினார்களா? இலங்கை வானொலியைத் திருப்பினார்கள். குமரிக்கரையில் இருக்கிற எங்களுக்குக் கொழும்பு எட்டாத ஊரா? கடைசியில் 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதி என்று சர்க்காரே பாட்டுப் போட நேர்ந்தது. கேஸ்கர் சங்கீதம் அறியாதவர் அல்ல. எது நல்ல பாட்டு என்று மட்டும் பார்த்தார். எந்த வீட்டில், எந்த விடியலில் அது கேட்கப்படுகிறது என்று பார்க்கவில்லை.

என் தமக்கை மகன் பெங்களூரிலிருந்து வந்து அதே பிழையை வேறு விதமாகச் செய்கிறான். "என்னத்துக்கு மாமா இந்தப் பாடு? போனிலே எப்ப வேணும்னாலும் நாகசுரம் கேக்கலாமே" என்கிறான். போன தீபாவளிக்குக் கேட்கவும் வைத்துவிட்டான். நான் குளிக்க மறுத்தேன். வெந்நீர் ஆறிற்று, தமக்கை அழுதாள். பண்டிகையைக் கெடுத்த கிழவன் என்று பெயர் வாங்கினேன்.

"இதெல்லாம் எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது?" என்றும் கேட்டான். கல்கத்தாவில் போய்க் கேட்கட்டும். மகாளய அமாவாசை விடியற்காலையில் வானொலியில் சண்டி பாராயணம் கேட்பது வங்காளிகளின் வழக்கம். 1930-களில் பிறந்தது, சாஸ்திரத்தில் இல்லை. 1976-இல் வீரேந்திர கிருஷ்ண பத்ரரின் குரலை எடுத்துவிட்டு, நட்சத்திர நடிகர் உத்தம குமாரை வைத்துப் புதிதாக ஒன்று போட்டார்கள். ஜனங்கள் கொதித்தார்கள், பழைய குரல் திரும்பி வந்தது. இத்தனைக்கும் உத்தம குமார் அவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய நடிகர்!

போன் என் விரலுக்குக் கீழ்ப்படிகிறது. அதுதான் எனக்கு ஆட்சேபணை. ரேடியோ நாகசுரம் அது வருகிற நேரத்தில்தான் வரும். நாம் காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் வரப்புத் தகராறில் பன்னிரண்டு வருஷம் பேச்சில்லை. ஆனால் தீபாவளி விடியலில் சுவருக்கு அந்தப் பக்கமும் அதே இரைச்சல், அதே நொடியில் அதே நாகசுரம். "அவனும் எண்ணெயோடதான் இருக்கான் போல" என்பார் அப்பா. பன்னிரண்டு வருஷத்தில் அவனைப் பற்றி அவர் கோபமில்லாமல் சொன்னது அது ஒன்றுதான்.

அப்பாவின் பெட்டி இப்போது பாடுவதில்லை, ஒத்துக்கொள்கிறேன். பக்கத்தில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் பாடுகிறது. 1984-இல் நாகர்கோவிலுக்கே நிலையம் வந்துவிட்டதால் இரைச்சலும் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எண்ணெய் மட்டும் பழைய பெட்டிக்கு. வருகிற தீபாவளிக்கும் முதல் சொட்டு அதற்கே. மருமகன் வரட்டும், வெந்நீர் ஆறினால் மறுபடி சுட வைத்துக் கொடுக்கிறேன்.