மத்ஸ்யா 6000: ‘எப்போ இறங்கும்?’ என்பதைவிட முக்கியமான கேள்வி

சமுத்ரயான் திட்டம் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் பலரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “இன்னும் இறங்கலையா?”

மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பும் திட்டம் இது. அதற்கான ‘மத்ஸ்யா 6000’ நீர்மூழ்கி வாகனத்தை உருவாக்குவது சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த, 4,077 கோடி ரூபாய் மதிப்பிலான ஆழ்கடல் இயக்கத்தின் ஒரு பகுதி.

‘நிலாவுக்கே விண்கலம் அனுப்பியாச்சு, கடலுக்குள் போக ஏன் இத்தனை வருஷம்?’ என்று தோன்றுவது இயல்பு. இதற்குப் பெரிய காரணம் சோதனைகள். அந்தத் தாமதம் குறையல்ல. உள்ளே உட்காரப்போகும் மூன்று பேருக்கான காப்பீடே அதுதான்.

அவ்வளவு ஆழத்தில் என்ன ஆகும்?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அளவுக்கு அழுத்தம் கூடுகிறது. 6,000 மீட்டரில் அது சுமார் 600 மடங்கு. அதாவது, சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 600 கிலோ. மூன்று புல்லட் பைக்குகளை ஒரு நகத்தின் மேல் நிறுத்தியது போல. அந்தப் பாரம் வாகனத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும், ஒரு நொடி விடாமல் அழுத்தும்.

விண்வெளியில் கலத்தின் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு வளிமண்டலம்தான். 2018-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் கலத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தது தெரியவந்தது. வீரர்கள் எபாக்சி பசை போட்டு அதை அடைத்தார்கள். ஆழ்கடலில் அந்த வாய்ப்பே கிடையாது. கூடு தோற்றுப்போனால் மில்லிநொடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

இன்னொரு சிக்கல், ரேடியோ அலைகள் கடல்நீரில் வெகுதூரம் போகாது. அதனால் ஒலியில்தான் பேச வேண்டும். தண்ணீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். கீழேயிருந்து ‘ஹலோ’ சொன்னால் கப்பலுக்கு வந்துசேர 4 நொடி, பதில் கிடைக்க இன்னொரு 4 நொடி. அவசரத்துக்கு மேலே இருப்பவர்களால் உடனே உதவ முடியாது.

சரி, எப்படிச் சோதிக்கிறார்கள்?

முதல் கட்டம் கரையில். கேமரா, விளக்கு, பேட்டரிப் பெட்டி, கேபிள் இணைப்பு என ஒவ்வொன்றையும் பிரஷர் சேம்பருக்குள் வைத்து, தண்ணீர் நிரப்பி, பம்ப் மூலம் அழுத்தத்தை ஏற்றுவார்கள். வேலை செய்யப்போகும் ஆழத்தின் அழுத்தத்தையும் தாண்டி ஏற்றுவது வழக்கம். ஒரு தடவை தாங்கினால் போதாது. கட்டுக்கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒருகட்டத்தில் பட்டென்று முறிவதைப் போல, உலோகமும் களைத்துப்போகும். அதனால் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டும்.

அடுத்து கடலில். சேம்பரில் அலை கிடையாது, நீரோட்டம் கிடையாது, மேலும் கீழும் ஆடும் கப்பலும் கிடையாது. 1995-ல் 10,900 மீட்டர் ஆழத்தைத் தொட்டுத் திரும்பிய ஜப்பானின் ‘கைகோ’ ஆளில்லா வாகனம், 2003-ல் கேபிள் அறுந்ததால் கடலில் தொலைந்தது. 2014-ல் அமெரிக்காவின் ‘நெரியஸ்’ சுமார் 9,900 மீட்டரில் நொறுங்கியது. அனுபவம் உள்ளவர்களுக்கே இந்தக் கதி. நல்லவேளை, இரண்டிலும் ஆட்கள் இல்லை.

மத்ஸ்யா எங்கே நிற்கிறது?

2021 அக்டோபரில், இரும்பில் செய்த ஆட்கூண்டு ஒன்றை, ஆள் இல்லாமல், வங்கக் கடலில் 600 மீட்டர் வரை இறக்கிப் பார்த்தார்கள். 2025 ஜனவரி, பிப்ரவரியில் சென்னை அருகே காட்டுப்பள்ளி துறைமுகத்தில் மத்ஸ்யா வாகனத்தை நீரில் இறக்கி, ஆட்களை வைத்தும் சோதித்தார்கள். 2025 ஆகஸ்டில் இந்தியர்கள் இருவர் பிரான்சின் நீர்மூழ்கி வாகனத்தில் அட்லாண்டிக் கடலில் இறங்கினார்கள். ஒரு பயணத்தில் 4,025 மீட்டர், அடுத்ததில் 5,002 மீட்டர். கருவிக்கு மட்டுமல்ல, ஆட்களுக்கும் பயிற்சி வேண்டுமே!

6,000 மீட்டருக்கான கூண்டு, 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைட்டானியம் உருண்டை. உள்விட்டம் 2.1 மீட்டர். அரைக்கோளங்களை எலக்ட்ரான் பீம் முறையில் ஒட்டுவதில் இஸ்ரோ கைகொடுக்கிறது. ஒரு பயணம் 12 மணி நேரம். ஏதாவது ஆனால் 96 மணி நேரம் உயிர் தாங்கும் ஏற்பாடு. முதலில் 500 மீட்டர், பிறகுதான் 6,000 மீட்டர் என்பது திட்டம்.

அவசரப்பட்டால்?

டைட்டானிக் சிதைவைப் பார்க்கப் போன ‘டைட்டன்’, 2023 ஜூன் 18 அன்று நொறுங்கி ஐந்து பேர் இறந்தார்கள். அதன் உடற்பகுதி கார்பன் ஃபைபரால் ஆனது. வெளியார் யாரிடமும் தரச்சான்று வாங்கவில்லை. புதுமைக்கு அந்த நடைமுறை தடை என்று வாதிட்டது ஓஷன்கேட் நிறுவனம்.

2022 ஜூலையில் ஒரு பயணத்தில், மேலே ஏறி வரும்போது பெரிய சத்தம் கேட்டது. அதன்பிறகு சென்சார் பதிவுகளும் மாறின. கருவி எச்சரித்தது, கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. ‘இது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து’ என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2025 அறிக்கை சொல்லும் முடிவு.

இதிலிருந்து இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் மூன்று. ஒன்று, செய்தவர்களே ‘பாஸ்’ போட்டுக்கொள்ளக் கூடாது. வெளியார் சான்று ஒவ்வொரு கட்டத்திலும் வேண்டும். இரண்டு, வெற்றி பெற்ற சோதனைகளை மட்டுமல்ல, தோற்றவற்றையும் பொதுவில் வைக்க வேண்டும். மூன்று, இறங்கும் தேதியை விழா மேடை தீர்மானிக்கக் கூடாது. சோதனை முடிவுதான் தீர்மானிக்க வேண்டும்.

மக்கள் பணத்தில் நடக்கும் திட்டத்தைக் கேள்வி கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. கேள்வியை மட்டும் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம். ‘எப்போ இறங்கும்?’ என்பதற்குப் பதிலாக, ‘எந்த ஆழம் வரை, எத்தனை தடவை சோதிச்சீங்க? யார் சரிபார்த்தாங்க?’ என்று. இதற்குத் தெளிவான பதில் வரும் நாளில் மூன்று பேரும் தைரியமாக இறங்கலாம். அது ஒரு வருஷம் தள்ளிப்போனாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.