அறுபதாயிரத்தை முப்பதால் வகுத்தால் போதுமா?

புது மிக்ஸி வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருகிறது. வங்கி ஆப்பில் சந்தேகம் என்றால் ‘உதவி’ பக்கத்தைத் திறக்கிறோம். இதையெல்லாம் எழுதுகிறவர்களுக்கு டெக்னிக்கல் ரைட்டர் என்று பெயர். ஐ.டி. நிறுவனங்களில் மாதச் சம்பளத்துக்கு இந்த வேலையைச் செய்பவர்கள் உண்டு. குழந்தை பிறந்த பிறகோ, பெற்றோரைக் கவனிக்க வேண்டியோ வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸாகச் செய்பவர்களும் உண்டு.

வெளியே வந்தவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி: “ஒரு நாளைக்கு எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?”

மாதம் 60,000 ரூபாய் வாங்கியவர் என்றால், அதை 30-ஆல் வகுத்து, “2,000 ரூபாய்” என்று சொல்லிவிடுகிறார். கேட்டவரும் உடனே சரி என்கிறார். ஏன் சரி என்கிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சம்பளக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தான் சம்பளம். தீபாவளிக்கும், காய்ச்சலில் படுத்த நாளுக்கும் உண்டு. ஃப்ரீலான்ஸருக்கு வேலை செய்த நாளுக்கு மட்டும்தான் காசு. 365 நாளில் சனி, ஞாயிறு 104 போனால் 261. பண்டிகை விடுமுறை 10, சொந்த லீவும் உடம்புக்கு முடியாத நாளும் 20 என்று வைத்தால் மிச்சம் 231. அதிலும் புது வேலை தேட, மாதிரி எழுதிக் காட்ட, பில் போட, பணத்துக்கு நினைவூட்ட என்று 80 நாளாவது கரையும். கூலி கிடைப்பது சுமார் 150 நாள்தான். நாளுக்கு 2,000 என்றால் ஆண்டுக்கு 3 லட்சம். மாதக் கணக்கில் 25,000. அறுபதாயிரம் எங்கே, இது எங்கே!

அடுத்தது, சம்பளச் சீட்டில் கண்ணுக்குப் படாத பணம். அடிப்படைச் சம்பளம் 30,000 என்று வைத்துக்கொள்ளலாம். முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பி.எஃப். கட்டும் நிறுவனம், தன் பங்காக 12 சதவீதம் போடும். ஆண்டுக்கு 43,200 ரூபாய். கிராஜுவிட்டிக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், அதாவது சுமார் 17,300. குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு 25,000, லேப்டாப், சாஃப்ட்வேர், இன்டர்நெட், கரன்ட் பில்லுக்கு ஒரு 50,000 என்று சேர்த்தால், 7,20,000 ரூபாய் சம்பளம் உண்மையில் 8,55,500 ஆகிறது. தகுதியுள்ள பெண் ஊழியருக்குச் சம்பளத்துடன் கிடைக்கும் 26 வாரப் பேறுகால விடுப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

இதை 150 நாளால் வகுத்தால், நாளுக்குச் சுமார் 5,700 ரூபாய். “அவ்வளவா?” என்று நிறுவனம் திகைக்கலாம். அதன் பக்கமும் நியாயம் உண்டு. ஒரே நிறுவனம் ஆண்டு முழுக்க வேலை தருவதாக ஒப்பந்தம் போட்டால், வேலை தேடி அலையும் 80 நாள் மிச்சம். அப்போது 231-ஆல் வகுக்கலாம். சுமார் 3,700 ரூபாய் வரும். சம்பள ஊழியர் ஒருவர் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் நிறுவனத்துக்கு ஆகிற செலவும் ஏறக்குறைய இதுதான். ஆகவே 3,700-லிருந்து 5,700 வரை, வேலை எத்தனை நாளுக்கு உறுதி என்பதைப் பொறுத்துப் பேசினால் இருவருக்கும் நஷ்டமில்லை. 2,000 என்றால் ஒருவருக்கு மட்டும்தான் லாபம்.

வார்த்தைக்கு இவ்வளவு என்ற கணக்கும் இந்த வேலைக்குப் பொருந்தாது. 40 பக்கக் குழப்பத்தை 25 பக்கத் தெளிவாக்குவதுதான் நல்ல டெக்னிக்கல் ரைட்டரின் திறமை. வார்த்தைக்குக் காசு என்றால், நன்றாக எழுதியதற்கே கூலி குறையும்.

பேசிய தொகை கைக்கு வருவது இன்னொரு பாடு. இங்கே பலருக்குத் தெரியாத ஒரு சட்டம் துணை நிற்கிறது. உத்யம் தளத்தில் ஆதார், பான் எண் கொண்டு குறுந்தொழிலாகப் பதிவு செய்யக் கட்டணம் எதுவும் இல்லை. பதிவு செய்தவருக்கு, எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் நிறுவனம் பணம் தந்தாக வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. வேலை முடிந்த பிறகு அல்ல, முதல் வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரிடம், “வீட்டுலதானே இருக்கீங்க, கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் இருப்பதால் பி.எஃப்.பும் வருவதில்லை, காப்பீடும் வருவதில்லை. அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த முறை தொகை சொல்லும்போது குரல் தயங்காது.