பாய்மரப் பிரயாணமும் தூத்துக்குடியின் கடமையும்

தூத்துக்குடித் துறைமுகம் 2011-ஆம் வருஷம் முதல் வ. உ. சிதம்பரனாரின் திருநாமத்தைத் தாங்கி நிற்கிறது. பெயர் சூட்டியதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் ஒரு கேள்வியை நம்மவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். அத்துறையிலிருந்து ஒரு சிறிய பாய்மரப் படகை, இயந்திரத்தின் உதவியின்றி, சென்னை வரையில் கொண்டு சேர்க்கவல்ல இளைஞர் இன்று நம்மிடம் எத்தனை பேர் இருக்கின்றனர்? விரல் விட்டு எண்ணினாலும் விரல்கள் மிஞ்சும் என்றே நாம் அஞ்சுகிறோம்.

இது பணக்காரரின் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சென்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பிழை. பாய்மரத் தொழில் இக்கரையில் ஏழைகளின் தொழிலாக இருந்தது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற தூத்துக்குடித் தோணிகளைத் தண்டல்மார் காற்றையும் நட்சத்திரத்தையும் நீரோட்டத்தையும் கொண்டே நடத்தினர். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் தோணிகளில் இயந்திரம் ஏறிற்று; பாய் இறங்கிற்று. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் பாயோடு கூட ஒரு வித்தையும் இறங்கிப் போவதை நாம் வாளாவிருந்து பார்க்கலாகாது. கிழத் தண்டல் ஒருவர் காலமாகும்போது, எவரும் எழுதி வைக்காத ஒரு பெரு நூல் அவருடன் மறைகிறது.

சிதம்பரனாரின் சரித்திரத்திலேயே நமக்கு ஒரு பாடம் உண்டு. அவர் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தியபோது, வெறும் ஆவேசத்தை முதலாகக் கொள்ளவில்லை. பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டுத் தொடங்கினார். முதலில் வாடகைக் கப்பல்களை அமர்த்தினார். அந்நியக் கம்பெனியின் நெருக்குதலால் அவை கை நழுவவே, சொந்தக் கப்பல்கள் இல்லாமல் காரியம் நடவாதென்று கண்டு, காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களை 1907-ல் தருவித்தார். பிறர் கப்பலை நம்பியவனுக்குக் கடல் சொந்தமாகாது என்பதே அதன் கருத்து. பிறர் இயந்திரத்தையும் பிறர் எண்ணெயையும் மட்டுமே நம்பியிருப்பவனுக்கும் அது பொருந்தும்.

இனி, தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் பாய்மரப் பிரயாணம் செய்ய விரும்புவோர் ஆலோசிக்க வேண்டியவை யாவை என்று பார்ப்போம். தூரம் சுமார் 300 கடல் மைல். மணிக்கு நான்கு மைல் வீதம் ஓடினால் 75 மணி நேரம் ஆகும். ஆனால் கடலில் காற்று நம் கணக்குக்கு வேலை செய்வதில்லை. ஆகவே பத்து நாளைக்கு ஆயத்தம் செய்வதே விவேகம். நான்கு பேர் போவதானால், ஆளுக்குத் தினம் நான்கு லிட்டராக, தண்ணீர் மட்டும் 160 லிட்டர் வேண்டும்.

முதலாவது, காலத்தின் தேர்வு. ஆனி முதல் ஆவணி வரை கச்சான் காற்று மன்னார்க் குடாவைக் கலக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை எதிர்த்து நிற்பதோடு, வங்கக் கடல் புயல்களுக்கும் அதுவே காலம். இரண்டு பருவங்களுக்கும் நடுவில், மாசிக் கடைசி முதல் பங்குனி முடியக் கடல் அடங்கியிருக்கும், சோழகம் எழும், கரையோர நீரோட்டமும் வடக்கு நோக்கியே செல்லும். நம் முன்னோர் இதை நன்கறிந்திருந்தனர். முத்துக்குளிப்பை அவர்கள் அந்த அமைதிக் காலத்தை ஒட்டியே வைத்தனர். இரவில் கரைக்காற்றில் படகுகள் பார்களுக்குப் புறப்படும். நண்பகலுக்குப்பின் கடற்காற்றில் திரும்பும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோவும் இக்குளிப்பைப் பற்றி எழுதிச் சென்றார். சர்க்கார் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. சிப்பி அருகிப் போயிற்று. ஆனால் அந்தக் காற்று இன்றும் அதே முறையில் வீசிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, வழியின் தேர்வு. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரையில் இடப்பக்கம் தீவுகளும் பவளப் பாறைகளும் வரிசையாகக் கிடக்கின்றன. 1986-ல் அவை கடல் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. அங்கே நங்கூரமிடுவது பவளத்துக்குக் கேடு. இரவில் அணுகுவது படகுக்குக் கேடு. பகலிலும் விலகி ஓடுவதே முறை. அப்பால் பாம்பன் கால்வாய். 1914-ல் கட்டப்பட்ட பழைய ரயில் பாலத்திற்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதி செங்குத்தாக மேலெழுந்து வழிவிடுகிறது. அனுமதி பெற்று, முறை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். பொறுமையற்றவன் அங்கே பாறையையும் நீரோட்டத்தையும் ஒருங்கே சந்திப்பான்.

பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணை ஆழமற்றது. சிறு காற்றுக்கும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். 1974, 1976 ஆகிய வருஷங்களின் உடன்படிக்கைகள் வகுத்த எல்லைக் கோடும் அங்கேதான் இருக்கிறது. நம் மீனவர் அதனால் படும் துயரை வாசகர் அறிவர். காற்றின் போக்கில் தெரியாமல் தாண்டினேன் என்னும் சமாதானம் எடுபடுவதில்லை. கோடியக்கரையைச் சுற்றிய பின்னர், சென்னை வரையில் திறந்த கரை. நாகை, காரைக்கால், கடலூர், புதுச்சேரி ஆகிய துறைகள் உண்டு. ஆயினும் கடல் கொந்தளிக்கையில் அவற்றின் முகத்துவாரத்தை நாடுவதைவிடக் கடலிலேயே தள்ளி நிற்பது க்ஷேமமாகும் சமயங்களும் உண்டு. இரவில் விளக்கில்லாத வலைகளும் கட்டுமரங்களும் வழியெங்கும் இருக்கும். கண் விழித்துக் காவல் காக்க முறை வகுக்காதவன் புறப்படலாகாது.

மூன்றாவது, திரும்பி வரும் துணிவு. புறப்பட்டுவிட்டோம் என்னும் வீம்பினால் மாண்டவர் பலர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் விரைந்து மூண்டபோது, ஆழ்கடலில் இருந்த மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவேயில்லை. அவர்கள் பிழை செய்தவரல்லர். செய்தி சேராமையே பிழை. ஆகையால் வானொலிக் கருவியும், ஆபத்தறிவிக்கும் கருவியும், கடலோரக் காவல் படையின் 1554 என்னும் எண்ணும், கரையில் நாள்தோறும் செய்தி எதிர்பார்க்கும் ஒருவரும் இல்லாமல் பாய் விரிப்பது வீரமன்று.

இவையெல்லாம் நம்மவரால் ஆகுமா என்று ஐயுறுவோருக்கு இரண்டு உதாரணங்கள் கூறுவோம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழர் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். தமிழ் மாலுமிகளே அதனைச் சூயஸ் வழியாகச் செலுத்தி 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளஸ்டர் துறையில் சேர்த்தனர். நம் காலத்திலோ, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும், கடற்படையின் தாரிணி என்னும் சிறு பாய்மரப் படகில், 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 25,000 கடல் மைலுக்கு மேல் கடந்து, 2025 மே 29-ஆம் தேதி அங்கேயே திரும்பினர். இரு பெண்மணிகள் உலகைச் சுற்றுகையில், முந்நூறு மைல் நமக்கு அரிதென்பது நாணத்தக்கது.

ஆகவே நாம் வேண்டுவது மூன்று. தூத்துக்குடிக் கல்லூரி மாணவர் எஞ்சியிருக்கும் தண்டல்மாரைத் தேடிச் சென்று, காற்றின் பெயர், நீரோட்டத்தின் குறி, பாயின் கட்டுமுறை ஆகியவற்றை அவர் வாய்மொழியாகவே இவ்வருஷத்திற்குள் எழுதிவைக்க வேண்டும். மீனவப் பிள்ளைகள் கட்டணமின்றிச் சேரத்தக்க பாய்மரப் பள்ளி ஒன்றைச் சர்க்காரும் துறைமுகத்தாரும் பழைய துறையில் தொடங்க வேண்டும். வருஷந்தோறும் பங்குனியில், இங்கேயே கட்டிய படகில், அப்பள்ளி மாணவர் சென்னை வரையில் ஒரு முறை சென்று வரவேண்டும். இவற்றிற்கு ஆகும் செலவு, துறைமுக வாயிலில் ஒரு வரவேற்பு வளைவு கட்டும் செலவுக்கு மேற்படாது.

சிதம்பரனாருக்குச் சிலைகள் ஏராளமாய் உண்டு. அவர் பெயரால் ஒரு பாய் விரியட்டும். இவ்வருஷப் பங்குனி தவறினால், அடுத்த பங்குனிக்குள் இன்னும் எத்தனை தண்டல்மாரை இழப்போமென்று எவர் சொல்லக்கூடும்?