மறைந்திருக்கும் பகை

தோழனே!

குழித்துறைப் பாலத்தின்மீது மாடேற்றிய லாரிகள் விரைவதைக் கண்டிருப்பாய். களியக்காவிளையைக் கடந்தால் கேரளம். லாரியை மறிக்கச் சாவடி உண்டு. மாட்டின் தொண்டையிலே ஒளிந்து செல்லும் நச்சுயிரியை மறிக்க?

வெக்கை நோய் தொழுவங்களைச் சுடுகாடாக்கிய காலம் உண்டு. மாரியின் சீற்றம் என்றனர், வேப்பிலை கட்டினர். நோயை வீழ்த்தியதோ வேப்பிலையன்று, அறிவு! 1954லே தடுப்பூசித் திட்டம் தொடங்கிற்று. 1995லே, நம் தமிழகத்திலேதான், இந்தியாவில் அந்நோய் கடைசியாகத் தலைகாட்டியது.

அதற்குப் பின்னரே அரும்பணி! ஊசி போட்ட மாட்டின் குருதியிலும், நோயுற்றுப் பிழைத்த மாட்டின் குருதியிலும் எதிர்ப்புப் பொருள் இருக்கும். எது எதனால் வந்தது? அறிவதற்காக ஊசியை நிறுத்தினர். பின்னர்ப் பிறந்த கன்றின் குருதியிலே எதிர்ப்புப் பொருள் தென்பட்டால், பகை எங்கோ பதுங்கியிருக்கிறது என்று பொருள். ஊர் ஊராகத் தேடினர். 2006லே இந்தியா விடுபட்டது. 2011லே உலகமே விடுபட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதகுலம் அடியோடு அழித்த இரண்டாவது நோய் அது!

இன்று எதிரே நிற்பது கோமாரி. 2013லே தமிழகத்து உழவனைக் கதறவைத்த நோய். 2019லே மத்திய அரசு நாடுதழுவிய தடுப்பூசித் திட்டம் தொடங்கியது, வரவேற்கிறோம். ஆனால், போட்ட ஊசியின் கணக்கு மட்டுமே வெற்றியின் கணக்காகுமா? குணமடைந்த மாடும் எருமையும், வெளியே அடையாளம் ஏதுமின்றி, மாதக்கணக்கில் நச்சுயிரியைச் சுமக்கக்கூடும். தடுப்பூசி தந்த எதிர்ப்பையும் நோய் தந்த எதிர்ப்பையும் பிரித்துக் காட்டும் குருதிச் சோதனை இருக்கிறது. எல்லைப்புற மந்தைகளிலே அது இடையறாது நடக்கவேண்டாமா?

கால்நடை நோய்த் தடுப்பு, அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலிலே இருக்கிறது. பொறுப்பு மாநிலத்தின் தோளிலே. பணப்பையின் கயிறோ டில்லியின் கையிலே! பொறுப்புக்கேற்ற நிதி கேட்பது பிச்சையன்று, உரிமை.

நோயை உரிமையாளன் அறிவிக்கவேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டுச் சட்டம். ஒற்றை எருமையை நம்பி வாழும் ஏழை, அது வாயிலே எச்சில் ஒழுக நின்றால் என்ன செய்வான்? சொன்னால் விலைபோகாதே என்று அஞ்சுவான், இரவோடிரவாக விற்பான். நோயும் உடன் பயணமாகும். அவனைப் பழிக்காதே! இழப்பீடு உறுதி என்றால், அவனே ஓடிவந்து உரைப்பான். அச்சத்தைப் போக்காத சட்டம் நோயைக் கண்டுபிடிக்காது, ஒளித்துவைக்கும்.

ஆகவே தோழனே, கிளைதோறும் கூடுங்கள். இழப்பீடு கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். வாயிலே புண், காலிலே நொண்டல் கண்டால், மாட்டை நகர்த்தாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

மறைந்திருக்கும் பகையை வெல்லும் முதற்படி, அதை மறைக்காதிருப்பதே!