இல்லறம் இனிக்க: கடற்கரைச் சாலையில் இருவர்

 

காரைக்குடியிலிருந்து கடல் எவ்வளவு தொலைவு என்று உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குச் சென்றால் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றே மிகும். காலையில் புறப்பட்டால் லுஹருக்குள் திரும்பிவிடலாம். ஆயினும் அந்தக் கடலை ஆற அமர நின்று பார்த்த பெண்கள் நம் இல்லங்களில் எத்தனை பேர்? மருத்துவரைப் பார்க்க மதுரைக்குப் போகிறோம். பிள்ளையை விமானம் ஏற்றிவிடத் திருச்சிக்குப் போகிறோம். கல்யாணத்திற்கும் மய்யித்திற்கும் போகிறோம். வேறு வேலை எதுவுமின்றிக் கணவனும் மனைவியுமாக மட்டும் ஒரு சாலையில் சென்று வந்தோம் என்று சொல்லக்கூடியவர்கள் சிலரே.

மேலை நாடுகளில் வயது முதிர்ந்த தம்பதியர் படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டியில் கடலோரமாகவே வாரக்கணக்கில் சென்று வருவது வழக்கம். ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகன் வேன்களை 1951 முதலே இவ்வாறு அமைத்து விற்றார்கள். நம் அண்டை மாநிலமான கேரளமும் 2021ஆம் ஆண்டு இத்தகைய 'கேரவன்' பயணத்திற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. இது ஏதோ புதுமை என்று எண்ண வேண்டாம். கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, கட்டுச்சோற்று மூட்டையுடன் சத்திரம் சத்திரமாகத் தங்கிச் சென்றவர்கள்தாம் நம் முன்னோர்கள்.

பிரிவின் கரை

நம் பகுதிக்கு அருகிலுள்ள இந்தக் கடற்கரைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1914ஆம் ஆண்டு பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து வந்த 'போட் மெயில்' பயணிகளைத் தனுஷ்கோடியில் இறக்கியது. அங்கிருந்து கப்பல் அவர்களை இலங்கையின் தலைமன்னாருக்குக் கொண்டு சென்றது. வடக்கே நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறியவர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கினார்கள். பிழைப்பைத் தேடி அயல்நாடு சென்றவர்களைச் 'சபுராளி' என்று கடலோர ஊர்களில் இன்றும் அழைக்கின்றனர். 'சஃபர்', அதாவது பயணம் என்னும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கப்பலின் இடத்தை விமானம் பிடித்தது. கொழும்பின் இடத்தை வளைகுடா பிடித்தது. பிரிவு மட்டும் மாறவில்லை.

அந்தப் பயணங்களில் மனைவியின் பங்கு என்ன? வீட்டு நிலைப்படிவரை வந்து வழியனுப்புவது; பின்னர் கடிதத்திற்குக் காத்திருப்பது. இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய கணவருக்கோ முழங்கால் வலியும் சர்க்கரையும் துணையாகிவிடுகின்றன. "இனி எங்கே போவது?" என்று திண்ணையில் அமர்ந்துவிடுகிறார். சேர்ந்து வாழ்ந்த நாள்களைக் கணக்கிட்டால் நெஞ்சு கனக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஆகவேதான் சொல்கிறோம்: எந்தக் கரை உங்களைப் பிரித்ததோ, அந்தக் கரையோரமாக ஒருமுறையேனும் இருவரும் சேர்ந்து சென்று வாருங்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது துணைவியரிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் செல்வார்கள். ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள், அன்னையார் வென்றார்கள். பின்னொரு நாள் நபியவர்கள் வென்று, முந்தைய தோல்விக்கு இது ஈடு என்று சிரித்தார்கள். துணைவியுடன் விளையாடிச் சிரிப்பது கண்ணியக் குறைவு என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

மூன்று நாள் வழி

முதல் நாள் தொண்டி. பாக் நீரிணைக் கடல் ஆழம் குறைந்தது. அதன் கடற்புல் படுகைகளில் மேயும் கடற்பசுவை மீனவர் 'ஆவுளியா' என்பர். இக்கடலின் வடபகுதியில், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, அவ்வுயிரைக் காக்கும் பகுதியாகத் தமிழக அரசு 2022இல் அறிவித்தது. தொண்டியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் படகில் சென்று வரலாம். தேவிபட்டினம் கடந்து இரவுக்குள் இராமநாதபுரம் சேரலாம்.

இரண்டாம் நாள் கீழக்கரை. செத்தும் கொடுத்தவர் என்று நாடு போற்றும் வள்ளல் சீதக்காதியின் ஊர். அங்குள்ள பழைய ஜும்ஆ பள்ளிவாசலின் கற்றூண்களைப் பாருங்கள். தமிழ்நாட்டுச் சிற்பியின் உளி தொழுகைத் தலத்திற்கும் பணி செய்திருப்பதை உணர்வீர்கள். பிற்பகல் பாம்பன். சாலைப் பாலம் 1988இல் திறக்கப்பட்டது. அருகே, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி, கப்பல் வரும்போது செங்குத்தாக மேலே உயரும். பாலத்தின் மீது வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்க வேண்டாம். பேய்க்கரும்பில் டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் நினைவிடம் உள்ளது.

மூன்றாம் நாள் காலை தனுஷ்கோடி. 1964 டிசம்பரில் வீசிய புயல் ஒரே இரவில் அந்த ஊரை அழித்தது. பயணிகளுடன் வந்த ரயிலையும் கடல் கொண்டது. இடிந்த சுவர்கள் இன்றும் நிற்கின்றன. 2017இல் அரிச்சல்முனைவரை சாலை திறக்கப்பட்டது. ஒருபுறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா. சாந்தமானதைப் பெண் கடல் என்றும் சீறுவதை ஆண் கடல் என்றும் அவ்வூரார் கூறுவர். அங்கே குளிப்பது உயிருக்கு ஆபத்து. இரவில் தங்கவும் அனுமதி இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்துத் தை, மாசியில் செல்வது நலம்.

பெண்களின் இடர்

பயணம் என்றால் நம் பெண்கள் தயங்குவது ஏன் தெரியுமா? வழியில் தூய்மையான கழிப்பறை இல்லை என்பதால், முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்று அதனாலும் வரக்கூடும். இதை வாய்விட்டுச் சொல்லவும் கூச்சப்படுகிறார்கள். கழிப்பறையுள்ள வண்டியின் முதற்பெரும் நன்மை இதுதான். அத்தகைய வண்டி கிடைக்காவிடில் சாதாரண வேன் அல்லது கார் போதும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை எங்கே நிறுத்துவது என்பதைக் கணவர் முன்கூட்டியே விசாரித்து வைக்கட்டும். பெண்களுக்குத் தொழும் இடம் எல்லாப் பள்ளிகளிலும் இராது. வண்டியில் ஒரு தொழுகை விரிப்பும் ஒளுச் செய்யத் தண்ணீரும் இருக்கட்டும். கடலோர ஊர்களில் ஷாஃபி மத்ஹபினர் மிகுதி. ஹனஃபிப் பள்ளிகளைவிட அங்கே அஸர் பாங்கு முன்னதாகவே ஒலிக்கும்.

மற்றோர் எச்சரிக்கை. வண்டியில் அடுப்பு இருக்கிறது என்பதற்காக மனைவியை அதன்முன் நிறுத்திவிடாதீர்கள். வீட்டுச் சமையலறைக்குச் சக்கரம் கட்டியது போலாகிவிட்டால் அது அவளுக்குப் பயணமே அன்று. முதல் நாளுக்குக் கட்டுச்சோறு, மறுநாள் கடைச்சாப்பாடு, தேநீரை நீங்களே போட்டுக் கொடுங்கள்.

உறங்கும்போது இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிடாதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் உறங்கிய இருவர், ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு வாயுவால் மாண்டனர். அவ்வாயுவிற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இருக்கைகளை அகற்றிப் படுக்கை அமைப்பதாயின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் தேவை. கடல் மணலில் வண்டியை இறக்க வேண்டாம், சக்கரம் புதைந்துவிடும்.

செலவைக் கணக்கிட்டுத் தயங்குவோருக்கு ஒரு சொல். மகளின் திருமணத்திற்கும் மகனின் விசாவிற்கும் சேர்த்தோம். வீட்டிற்கு மாடி கட்டச் சேர்த்தோம். அவற்றுக்கெல்லாம் ஈடாகத் தன் இளமையைத் தந்தவளுக்கு மூன்று நாள்கள் பெரிதா? முழங்கால் மடங்கும் காலத்திலேயே, இன்ஷா அல்லாஹ், புறப்படுங்கள். எங்கே போகலாம் என்று முதலில் அவர்களையே கேளுங்கள்.