புகையிலைக்கும் பாடம் உண்டு

மழைக் காலத்து ஹட்டனில் ஒரு நாள் வெயில் கிடைத்துவிட்டால் எங்கள் வீட்டுப் பெட்டிகளெல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். அவ்வாறு சென்ற மாதம் அப்பாவின் பழைய இரும்புப் பெட்டியைக் காயவைத்தபோது, அதன் அடியில் வட்டமான சிறு டின் ஒன்று அகப்பட்டது. 1975ஆம் ஆண்டில் கம்பெனித் தோட்டங்களை அரசு ஏற்றபோது, சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் பங்களாவில் எஞ்சியவற்றைப் பணியாளர்க்குப் பகிர்ந்தளித்தாராம். அந்நாளில் தோட்டத்து ஆபீசில் இளைய கிளாக்கராயிருந்த அப்பாவின் பங்குக்கு வந்தது இந்தச் சுங்கான் புகையிலை.

மூடியைத் திறந்தோம். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த இலை கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, உலர்ந்த திராட்சையும் பழம்புளியும் சேர்ந்தாற் போன்ற மணத்தை வீசிற்று. "அப்போது மூக்கைக் குத்தும், துரை பற்றவைத்தால் நாங்கள் தும்முவோம்" என்று வியந்தார் அப்பா.

வியப்புக்குக் காரணம் இரசாயனத்தில் இருக்கிறது. வர்ஜீனியா வகைப் பச்சையிலையில் மாச்சத்து மிகுதி. வெப்பத்தில் வாட்டும்போது அது சர்க்கரையாகிறது. பின்னர் இலையைச் சில ஆண்டுகள் கட்டிவைப்பார்கள். அச்சர்க்கரையும் அமினோ அமிலங்களும் அக்காலத்தில் மெல்ல மெல்லக் கூடுகின்றன. பாணின் மேலோடு போறணையில் சிவப்பதும் இதே வினைதான். இங்கே நெருப்பில்லை, காலமே நெருப்பு. இலைக்கு மஞ்சள் நிறந் தந்த கரோட்டின் இனப் பொருள்கள் சிதைந்து பூவும் பழமுமாய் மணக்கின்றன. தொண்டையைச் சுரண்டும் அமோனியா அகல்கிறது. சர்க்கரை குறைந்த பர்லி இலை இத்துணை மாறுவதில்லை. விறகுப் புகையில் பதப்படுத்தும் லத்தாக்கியாவோ, நாளாக நாளாகத் தன் புகை மணத்தையே இழந்து சாதுவாகிவிடும்.

இக்கலையில் யாழ்ப்பாணத்தார் நமக்கு அந்நியரல்லர். தென்னம் பொச்சுமட்டைப் புகையூட்டிப் பதமாக்கிய அவர்களுடைய புகையிலை, கடல் கடந்து திருவிதாங்கூர் வரை சென்று விலைபோயிற்று. இலையைப் பதப்படுத்துவதைப் 'பாடம் போடுதல்' என்பர். ஆண்டுதோறும் நாற்பது மாணவர்க்குப் பாடம் நடத்தியும் பலரிடம் ஒரு மாற்றமும் காணாத எனக்கு, புகையிலைமேல் சற்றுப் பொறாமைதான்! நம் தேயிலைக்கோ இந்தப் பாக்கியம் இல்லை. தை, மாசிக் காற்றில் திம்புலைப் பக்கத்துக் கொழுந்து பெறும் நறுமணம், பக்குவமாக மூடி வைக்காவிடில் சில மாதங்களில் பறந்துபோகும்.

அப்பா ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "வெற்றிலையோடு சேர்த்துப் பார்க்கட்டுமா? இவ்வளவு பழசு, என்ன செய்துவிடப் போகிறது?" என்றார்.

எனக்கு அப்பாயியின் நினைவு வந்தது. நாற்பது வருடம் கொழுந்தெடுத்த கை அது. இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் புகையிலை இல்லாத நாளை நான் கண்டதில்லை. "பழசாய்க் கொடு, தம்பி; பழசு கடிக்காது" என்று கடைக்காரனிடம் கேட்டுக் கேட்டு வாங்குவாள். கன்னத்தின் உட்புறம் வந்த புண்ணையும் சுண்ணாம்பு பட்டதென்றே நெடுநாள் எண்ணியிருந்தாள். கண்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றபோது காலம் கடந்திருந்தது.

அவள் சொன்னதில் பாதி உண்மை. பழைய இலை கடிப்பதில்லை. ஆனால் காலம் கழற்றியெடுப்பது காரத்தை மட்டுமே. நிக்கொட்டின் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. புற்றுநோயைத் தோற்றுவிக்கும் நைட்ரோசமைன்களோ, இலையைப் பதப்படுத்தி இருப்பு வைக்கும் காலத்திலேதான் உண்டாகின்றன. நாவுக்கு அவை தெரிவதில்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் நான் விரித்துரைக்கவில்லை. "அப்பாயியும் பழசைத்தானே கேட்டு வாங்கும்?" என்றேன். அவர் கையிலிருந்ததை டின்னில் போட்டு, மூடியை இருமுறை அழுத்தினார். அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை.

மாலையில் பின்கட்டில் பார்த்தேன். டின்னிலிருந்த அவ்வளவையும் ஒரு வாளித் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தார். மறுநாள் வடிகட்டி, முற்றத்து ரோஜாச் செடிகளுக்குத் தெளித்தார். மொட்டுகளை மொய்த்திருந்த செடிப்பேன்களில் ஒன்றுகூட அதற்கடுத்த நாள் காலையில் உயிரோடில்லை.